கொரிந்தின் காசு வேண்டாம், பிலிப்பியின் காசு வரலாம்: பவுலின் கணக்கு என்ன?

கேள்வி இது: "உங்களிடமிருந்து எதுவும் வாங்கவில்லை" என்று கிரேக்க நகரமான கொரிந்தின் கிறிஸ்தவ சபையாரிடம் பெருமை பேசும் அப்போஸ்தலர் பவுல், மக்கெதோனிய நகரமான பிலிப்பியின் சபையாரிடம் மட்டும் பலமுறை பணம் பெற்றுக்கொண்டது ஏன்? அது இரட்டை வேடம் இல்லையா? இதோடு இரண்டு துணைக்கேள்விகள்: ஆதித் திருச்சபையில் ஏற்றத்தாழ்வே இருக்கவில்லை என்று பிரசங்கங்களில் கேட்கிறோமே, அது உண்மையா? இதைப் புரிந்துகொள்ள எந்த நூலிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

முதல் கேள்வியைக் கொரிந்தியரே கேட்டுவிட்டார்கள், அதுவும் கோபமாக. 2 கொரிந்தியர் 11, 12 ஆம் அதிகாரங்களில் பெரும்பகுதி அந்தக் கோபத்துக்குப் பவுல் எழுதிய பதில். "உங்களுக்குப் பாரமாக இருக்கவில்லை என்பதுதான் நான் செய்த குறையா? அந்த அநியாயத்தை மன்னித்துவிடுங்கள்" என்று குத்தலாக எழுதுகிறார். காசு வாங்காமல் உழைத்த மனிதர்மேல் ஊரே ஏன் கோபப்பட வேண்டும்? அதற்கு அந்தக் காலத்தில் கொடுப்பதும் வாங்குவதும் எப்படி நடந்தன என்று பார்க்க வேண்டும்.

உரோமைப் பேரரசில் ஒரு சாதாரண மனிதனுக்குக் கடன் வேண்டுமென்றாலும், வழக்கில் துணை நிற்க ஆள் வேண்டுமென்றாலும், மகனுக்கு ஒரு வேலைக்குச் சிபாரிசு வேண்டுமென்றாலும், போக வேண்டிய இடம் ஒரு பெரிய மனிதரின் வீட்டு வாசல். லத்தீனில் அவர் பெயர் பத்ரோனுஸ். அவரைச் சார்ந்திருப்பவர் கிளியென்ஸ். முன்னவருக்குத் தமிழில் 'புரவலர்' என்ற அருமையான சொல் இருக்கிறது. பின்னவரை 'அண்டி வாழ்பவர்' என்று வைத்துக்கொள்வோம். உரோமை நகரில் அண்டி வாழ்பவர் விடிவதற்கு முன்பே எழுந்து, டோகா என்ற கனத்த மேலாடையைச் சுற்றிக்கொண்டு, புரவலரின் வீட்டுக்குப் போய் வணக்கம் சொல்ல வேண்டும். அதற்குக் கிடைத்த படி குவாட்ரன்ஸ் என்ற சில்லறைக் காசு 100, அதாவது 6 செஸ்டெர்ஸ் நாணயத்துக்குச் சற்று அதிகம் என்று கவிஞர் மார்ஷியல் புலம்பலோடு பதிவு செய்திருக்கிறார். பணத்தைவிட முக்கியமானது பிறகு வருவது: புரவலர் தெருவில் போகும்போது பின்னால் நடக்க வேண்டும், அவர் மன்றத்தில் பேசினால் கைதட்ட வேண்டும், அவருடைய எதிரி தனக்கும் எதிரியாக வேண்டும்.

இந்த உறவை நடத்திய சொல் கிரேக்கத்தில் 'காரிஸ்'. புரவலர் காட்டும் தயவும் காரிஸ், அவர் தரும் கொடையும் காரிஸ், வாங்கியவர் திருப்பிச் செலுத்தும் நன்றியும் காரிஸ். ஒரே சொல் மூன்று இடத்திலும் நிற்பது தமிழருக்கு வியப்பாக இருக்க வேண்டியதில்லை. நம் 'நன்றி'யும் பழைய வழக்கில் செய்யப்பட்ட நன்மையையே குறித்தது. 'செய்ந்நன்றி' என்பதில் அந்தப் பொருள் இன்றும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பவுல் கடிதங்களில் வரும் காரிஸைச் சீர்திருத்த சபையாரின் தமிழ் வேதாகமம் 'கிருபை' என்றும் கத்தோலிக்கர் 'அருள்' என்றும் வழங்குகிறார்கள். இரண்டும் நல்ல சொற்கள்தான். ஆனால் இரண்டிலும் சந்தைவெளியின் வாசனை போய், கோயிலின் வாசனை மட்டும் மிஞ்சிவிட்டது. பவுலின் கடிதத்தை உரக்கப் படிக்கக் கேட்ட கொரிந்துக்காரருக்கு இரண்டு வாசனையும் சேர்ந்தே அடித்திருக்கும்.

இதைப் பற்றி அக்காலத்தில் மிக விரிவாக எழுதியவர் தத்துவஞானி செனெக்கா. கொடைகளைப் பற்றி மட்டும் ஏழு பாகங்கள் கொண்ட நூல் ஒன்றை எழுதினார். கைகோத்து வட்டமாக ஆடும் மூன்று தேவதைகளை அதில் காட்டுகிறார்: கொடை கைமாறிக் கைமாறி, கடைசியில் கொடுத்தவரிடமே வந்து சேர வேண்டும்; நடுவில் கை விட்டுப்போனால் ஆட்டத்தின் அழகே கெட்டுவிடும். நன்றி கெட்டவனைக் கொலைகாரனுக்கும் திருடனுக்கும் கீழே வைக்கிறார். இந்தச் செனெக்காவின் அண்ணன்தான் அப்போஸ்தலர் 18 ஆம் அதிகாரத்தில் பவுலின் வழக்கைத் தள்ளுபடி செய்யும் கல்லியோன். டெல்பியில் கிடைத்த ஒரு கல்வெட்டைக் கொண்டு கொரிந்து அடங்கிய அகாயா மாகாணத்துக்கு அவர் ஆளுநராக இருந்த காலம் ஏறத்தாழ கி.பி. 51–52 என்று கணிக்கிறார்கள். பவுல் கொரிந்தில் இருந்த காலத்தை நாம் அறிவதும் அதனால்தான்.

கொரிந்து ஒரு புதுப்பணக்கார ஊர். ஜூலியஸ் சீசர் கி.மு. 44-இல் உரோமைக் காலனியாக அதை மறுபடி நிறுவினார்; குடியேறியவர்களில் கணிசமானோர் விடுதலை பெற்ற அடிமைகள். பரம்பரைப் பெருமை இல்லாதவர்கள் நிறைந்த ஊரில் பெருமையைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதற்கு வழி, ஊருக்கு ஏதாவது செய்து அதைக் கல்லில் பொறித்து வைப்பது. 1929-இல் அங்கே அகழ்ந்தெடுத்த தளக்கல் ஒன்றில், எராஸ்துஸ் என்பவர் நகர அதிகாரிப் பதவி பெற்றதற்குக் கைம்மாறாகத் தம் சொந்தச் செலவில் தளம் பாவினார் என்று எழுதியிருக்கிறது. ரோமர் 16:23-இல் பவுல் குறிப்பிடும், நகரத்தின் பண நிர்வாகியான ஏரஸ்துவும் இவரும் ஒருவரா என்பதில் அறிஞர்கள் இன்றுவரை உடன்படவில்லை. ஒருவராக இல்லாவிட்டாலும், அந்தச் சபையில் எப்படிப்பட்ட மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு அந்தக் கல் நல்ல சாட்சி.

இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு போதகர் வருகிறார். வசதியுள்ள வீட்டார் படித்த மனிதர் ஒருவரை வைத்துப் பராமரிப்பது அன்றைய வழக்கம். தத்துவ ஆசிரியர், பேச்சுக்கலை ஆசிரியர் என்று ஒருவர் வீட்டில் இருப்பது வீட்டுக்காரருக்குக் கௌரவம். "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் (இன்னொரு போதகரான) அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று சபை ஏற்கெனவே கட்சி பிரிந்து கிடந்தது. இந்த நிலையில் பவுல் ஒரு வீட்டாரின் பணத்தைக் கைநீட்டி வாங்கியிருந்தால், மறுநாளே அந்த வீட்டின் ஆள் ஆகியிருப்பார். எனவே மறுத்தார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு சேர்ந்து கூடாரம் தைத்துப் பிழைத்தார். ஊர்ப் பெரியவர்களுக்கு இது இரட்டை அடி. கொடையை மறுப்பது நட்பை மறுப்பதற்குச் சமம், அது ஒன்று. தங்கள் போதகர் தோல் நாற்றமும் காய்ப்பு விழுந்த கையுமாக உட்கார்ந்திருப்பது இன்னொன்று. கூலி என்பதே அடிமைத்தனத்துக்கு வாங்கும் முன்பணம் என்று உரோமைப் பேச்சாளர் சிசெரோ எழுதி வைத்த உலகம் அது.

பவுல் மறுத்த விதத்தையும் பாருங்கள். "பெற்றோருக்குப் பிள்ளைகள் சேர்த்துவைப்பதில்லை, பிள்ளைகளுக்குத்தான் பெற்றோர் சேர்த்துவைப்பார்கள்" என்கிறார் 2 கொரிந்தியர் 12:14-இல். இது பணிவான பேச்சாகத் தெரியும். உண்மையில் கீழே நிற்கச் சொன்னவர்களிடம் "நான் உங்கள் தகப்பன்" என்று சொல்லி மேலே ஏறி நிற்பது. புரவலர் முறையே வேண்டாம் என்று பவுல் எங்கும் சொல்லவில்லை. தாம் அண்டி வாழ்பவராக இருக்க முடியாது என்றுதான் சொன்னார். இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் பவுல் ஒரு சமத்துவப் போராளியாகவோ பாசாங்குக்காரராகவோ தெரிவார். இரண்டுமே அவர் இல்லை.

பிலிப்பியின் கதை வேறு. அவர்கள் பணம் அனுப்பியது பவுல் அந்த ஊரைவிட்டுப் போன பிறகு: தெசலோனிக்கேயில் இருந்தபோது இரண்டொரு முறை, பின்னர் சிறையில் இருந்தபோது எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில். தூரத்திலிருந்து, ஒரு வீட்டாராக அல்லாமல் சபையாகச் சேர்ந்து அனுப்பிய பணம் அது. யாருடைய முற்றத்திலும் போய் நிற்கச் சொல்லாத பணம். அப்போதும் பவுலுக்கு உள்ளே ஓர் உறுத்தல் இருந்ததை பிலிப்பியர் 4:10–20 காட்டிக்கொடுக்கிறது. அந்தப் பகுதி முழுவதும் ஒரு நன்றிக் கடிதம். ஆனால் 'நன்றி சொல்கிறேன்' என்ற வினை அதில் ஒரு முறைகூட வராது! எனக்குக் குறைச்சல் இருந்ததால் இதைச் சொல்லவில்லை என்கிறார். தாழவும் தெரியும் வாழவும் தெரியும் என்கிறார். பிறகு வணிகர் பேச்சுக்கு மாறிக் கொடுக்கல் வாங்கல், கணக்கில் ஏறும் பலன் என்றெல்லாம் எழுதுகிறார். 18 ஆம் வசனத்தில் அவர் 'எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்று சொல்ல எடுக்கும் கிரேக்கச் சொல், எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ரசீதுகளில் சர்வசாதாரணமாக வருவது. ரசீது எழுதிக் கொடுத்தாயிற்று, இனி பாக்கி இல்லை. உடனே, அந்தக் காணிக்கை கடவுளுக்குச் செலுத்திய நறுமணப் பலி என்றும், உங்கள் குறையை என் கடவுள் நிறைவாக்குவார் என்றும் முடிக்கிறார். கொடுத்தவருக்குத் திருப்பித்தரும் பொறுப்பு பவுலின் தோளிலிருந்து இறங்கிக் கடவுளின் தோளில் ஏறிவிட்டது. செனெக்காவின் வட்ட ஆட்டத்தில் நான்காவதாக ஒருவரை நுழைத்ததுபோல.

இந்த உத்தியை நான் சாமர்த்தியம் என்று சொன்னால் பக்தர்கள் கோபிக்கலாம். ஆனால் இறையியலாகவும் சாமர்த்தியமாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாதா என்ன?

பவுல் முழுக்கச் சொந்தக் கையில் நின்றவர் என்று எண்ணிவிடவும் கூடாது. ரோமருக்குக் கடிதம் எழுதும்போது கொரிந்தில் காயு என்பவரின் வீட்டில் விருந்தாளியாகத்தான் இருக்கிறார். காசை மறுத்தார், கூரையை மறுக்கவில்லை. அதே கடிதத்தின் 16 ஆம் அதிகாரத் தொடக்கத்தில், கொரிந்தின் துறைமுகமான கெங்கிரேயாவைச் சேர்ந்த பெபேயாளைச் சிபாரிசு செய்கிறார். அவள் அநேகருக்கும் தமக்கும் "ஆதரவாயிருந்தவள்" என்கிறது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. யாரோ ஒரு நல்ல அம்மாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள் என்பதுபோல நாம் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். கிரேக்கத்தில் உள்ள சொல் 'ப்ரொஸ்டாடிஸ்'. பெண்பாலில் புரவலர் என்றே பொருள்படும். அதே நூற்றாண்டில் கொரிந்தில் வாழ்ந்த யூனியா தெயோதோரா என்ற சீமாட்டியை, சின்ன ஆசியாவின் லீக்கியப் பகுதி நகரங்கள் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றிக் கல்லில் வெட்டின. தங்கள் ஊர்க்காரர்களுக்கு வீட்டைத் திறந்துவைத்து, அதிகாரிகளிடம் பரிந்து பேசியதற்காக. அந்தக் கல்லிலும் இந்தச் சொல்லின் உறவுச்சொல் வருகிறது. பெபேயாளைப் 'புரவலரான பெபேயாள்' என்று மொழிபெயர்த்தால் பவுலின் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது. மறுத்த கொடைகளோடு அவர் ஏற்ற கொடைகளையும் நாம் எண்ணிப் பார்க்க முடியும்.

இனி இரண்டாவது கேள்வி. ஏற்றத்தாழ்வு இருந்ததா? 1 கொரிந்தியர் 11 ஆம் அதிகாரத்தைப் படித்தவர் அப்படிக் கேட்கவே மாட்டார். ஆண்டவரின் இராப்போஜனத்துக்குக் கூடுகிறார்கள். ஒருவன் பசியோடு இருக்கிறான், இன்னொருவன் வெறித்திருக்கிறான். 'இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா' என்று பவுல் பொரிகிறார். இது கொரிந்தியரின் தனிப்பட்ட ஒழுக்கக்கேடு என்று நினைத்தால், அரை நூற்றாண்டுக்குப் பின் உரோமைப் பிரபுவும் எழுத்தாளருமான இளைய பிளினி தம் நண்பர் அவிட்டுஸுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். தாம் போன ஒரு விருந்தில் வீட்டுக்காரர் தமக்கும் முக்கிய விருந்தினருக்கும் உயர்ந்த பண்டங்களை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு மலிவான துணுக்குகளைப் பரிமாறினார் என்கிறார். திராட்சை மதுவிலும் மூன்று தரம்: தமக்கும் பிளினி போன்றோருக்கும் ஒன்று, தாழ்ந்த நண்பர்களுக்கு ஒன்று, விடுதலை பெற்ற அடிமைகளுக்கு ஒன்று. நண்பர்களைக்கூட அந்தச் சமூகம் படிவரிசையில்தான் அடுக்கியது. உரோமை பாணி உணவறையில் சாய்ந்து உண்ண வழக்கமாக ஒன்பது பேருக்கு இடம். வீட்டுக்காரர் தம் தரத்துக்கேற்ற எட்டுப் பேரை உள்ளே அழைத்துக்கொண்டு, வேலை முடிந்து தாமதமாக வந்த சுமைகூலிகளையும் அடிமைகளையும் முற்றத்தில் உட்காரவைத்திருந்தால், அவரைப் பொறுத்தவரை அதில் தவறே இருந்திருக்காது.

பவுலின் தீர்ப்பு எனக்கு எப்போதும் பாதி ஏமாற்றமாகவே இருக்கிறது. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள், பசித்தால் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்கிறார். பணக்காரனின் வீட்டு மேசை அப்படியே இருக்கிறது. சபையின் மேசை மட்டும் தனியாகப் பிரிகிறது.

அவரைவிடக் கடுமையாகப் பேசியவர்கள் உண்டு. யாக்கோபின் கடிதம் 2 ஆம் அதிகாரத்தில் பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும், கந்தல் அணிந்த ஏழைக்கு "என் பாதபடியண்டை உட்காரு" என்ற பேச்சும் கிடைக்கும் காட்சி வருகிறது. பொன்மோதிரம் உரோமையில் செனட்டர்களுக்கும் அவர்களுக்கு அடுத்த செல்வந்தர் வகுப்புக்கும் உரிய அடையாளம் என்பதைச் சேர்த்துப் படியுங்கள். லூக்காவில் இயேசு, அண்டை வீட்டுச் செல்வந்தரை விருந்துக்கு அழைக்காதே, அவன் உன்னைத் திருப்பி அழைத்துவிடுவான் என்கிறார். திருப்பி அழைப்பதற்காகவே விருந்து வைத்த உலகத்தில் இது அபத்தமாக ஒலித்திருக்கும். 22 ஆம் அதிகாரத்தில், அதிகாரம் செலுத்துகிறவர்கள் "உபகாரிகள் என்னப்படுகிறார்கள்", உங்களுக்குள் அப்படி வேண்டாம் என்கிறார். 'உபகாரி' என்பது அரசர்கள் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்ட பட்டம். ஆனால் இதே லூக்கா தம் நூலை "மகா கனம்பொருந்திய தெயோப்பிலுவே" என்று தொடங்குகிறார். அந்த மனிதர் நூலுக்குச் செலவு செய்த புரவலராக இருந்திருக்கலாம். லூக்கா இதை எழுதும்போது ஒரு கணமாவது தயங்கினாரா என்று எனக்கு ஆசையாக இருக்கிறது கேட்க.

இரண்டாம் நூற்றாண்டில் ஒரு சிறிய ஏற்பாடு வந்தது. பெரிய மாற்றத்துக்கு அதுதான் வித்து. நூற்றாண்டின் நடுவில் உரோமையில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஜஸ்டின், வசதியுள்ளவர்கள் விரும்பியதைக் கொடுக்க, அது சபைத் தலைவரிடம் சேர்க்கப்படுகிறது என்றும், அவர் அதிலிருந்து அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்போருக்கும் அந்நியருக்கும் உதவுகிறார் என்றும் சொல்கிறார். 197-ஐ ஒட்டி வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதியதிலும் மாதக் காணிக்கைப் பெட்டி வருகிறது. கொடுப்பவரும் வாங்குபவரும் இப்போது நேருக்கு நேர் நிற்பதில்லை. ஏழைக்குக் கிடைத்த ரொட்டியில் எந்தச் செல்வந்தரின் பெயரும் இல்லை. இதன் பலனை உரோமையில் ஒரு சம்பவத்தில் பார்க்கலாம். போந்து நாட்டுக் கப்பல் வணிகர் மார்க்கியோன் சபைக்கு 200,000 செஸ்டெர்ஸ் கொடுத்தார். உரோமையில் செனட்டர்களுக்கு அடுத்த அந்தச் செல்வந்தர் வகுப்பில் சேரத் தேவையான சொத்து 400,000, அதில் சரிபாதி. அவருடைய போதனை சபைக்கு ஒவ்வாமல் போய் 144-இல் அவரை வெளியேற்றியபோது, பணத்தையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு பெரிய கொடையாளியை இழக்கத் துணிந்ததும், அவருக்குக் கடன்பட்டிருக்க மறுத்ததும் உரோமைக் கணக்குப்படி அபூர்வம்.

ஆனால் கொடையாளியின் பெயர் அழிந்த இடத்தில், கொடுக்கும் கையின் பெயர் எழுதப்பட்டுவிட்டது. 251-ஐ ஒட்டி உரோமை ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதம் ஒன்றை வரலாற்றாசிரியர் எவுசேபியு காத்துவைத்திருக்கிறார். அதில் 46 மூப்பர்கள், 7 திருத்தொண்டர்கள் என்று தொடங்கும் பட்டியல், சபையின் பராமரிப்பில் 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளும் வறியோரும் இருப்பதாக முடிகிறது. எந்த உரோமைப் பிரபுவின் முற்றத்திலும் விடியற்காலையில் இத்தனை பேர் நின்றிருப்பார்களா என்பது சந்தேகமே. கார்த்தேஜில் ஆயர் சிப்ரியான், 250-இன் துன்புறுத்தலில் தலைமறைவாக இருந்தபோதும், தம் சொந்தப் பணத்திலிருந்து ஏழைகளுக்குக் கொடுக்கும்படி ஆள்வைத்திருந்தார். அவருடைய எதிரி பெலிசிசிமு அந்த உதவியை வாங்குபவர்கள் தம் கூட்டத்தில் சேர முடியாது என்று மிரட்டினார். கையிலிருந்து போகும் பணத்தைவிட, அது யாருடைய கையிலிருந்து போகிறது என்பதுதான் அங்கே சண்டை. கொரிந்தில் பவுல் தவிர்க்கப் பார்த்த அதே சண்டை.

எல்லாப் புரவலரும் சபையின் பெட்டிக்குள் கரைந்துவிடவும் இல்லை. அலெக்சாந்திரியாவில் அம்புரோசு என்ற செல்வந்தர் அறிஞர் ஓரிஜெனுக்கு ஏழுக்கும் மேற்பட்ட சுருக்கெழுத்தர்களை வைத்துக்கொடுத்தார். முறைவைத்து ஒருவர் மாற்றி ஒருவர் எழுதுவார்கள். அதே அளவுக்குப் படியெடுப்பவர்களும், அழகாக எழுதப் பயின்ற பெண்களும் வேறு. ஓரிஜென் அவரை 'வேலை வாங்கும் கங்காணி' என்ற பொருளில் ஒரு பெயர் சொல்லி அழைக்கிறார். பாசத்தோடுதான், ஆனால் மூச்சு முட்டுவதும் தெரிகிறது.

கடைசியாக, எதில் தொடங்குவது? பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தில். 25 வசனங்கள், தேநீர் ஆறுவதற்குள் படித்துவிடலாம். அடிமை ஒநேசிமுவை அவனுடைய எஜமான் பிலேமோனிடம் பவுல் திருப்பி அனுப்புகிறார். கோபித்துக்கொண்ட எஜமானிடம் பரிந்து பேசும் இப்படிப்பட்ட கடிதம் பிளினியிடமும் உண்டு: விடுதலை பெற்ற அடிமை ஒருவனை மன்னிக்கும்படி சபினியானு என்பவருக்கு எழுதியது. பிளினி மேலிருந்து பேசுகிறார். நானும் அவனைக் கண்டித்துவிட்டேன், இனி உன் பங்குக்கு இளகு என்கிறார். சிறையில் இருக்கும் பவுலுக்கு அந்த வசதி இல்லை. கட்டளையிடலாம், ஆனால் அன்பினால் கேட்கிறேன் என்கிறார். அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள் என்கிறார். நானே செலுத்துவேன் என்று தம் கையால் எழுதித் தருகிறார். அதே மூச்சில், நீயே உன்னை எனக்குக் கடன்பட்டிருப்பதை நான் சொல்லவில்லை என்று சொல்லியும் விடுகிறார். படிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். 22 ஆம் வசனம் வரும்போது நிறுத்துங்கள். தாம் தங்குவதற்கு ஓர் அறையை ஆயத்தம்பண்ணச் சொல்கிறார் பவுல். நேரில் வந்து பார்க்கப் போகிறார்.